இடிச் சத்தமும் லேப் பெட்டியும்

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து முன்பின்னாக இருக்கும். பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யோங் பெங் பக்கத்தில், செம்பனை நோயை ஆராயும் ஒரு லேப்பில் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. அங்கே புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. ஜோகூர் பாருவிலிருந்து வந்த டெக்னீஷியன் அவற்றில் லினக்ஸ் ஏற்றினார். படங்களைச் சேமிக்க ஒரு புதுப் பெட்டியும் வைத்தார். பழைய பெட்டி கறகறவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. ஆராய்ச்சி செய்யும் பெண் லாபிஸ் ஊரில் நோய் கண்ட செம்பனை மரங்களை வருஷக்கணக்காக எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. மரங்களையோ வெட்டியாயிற்று; மறுபடி எடுக்க வழியில்லை. அதனால் அந்தப் படங்களைப் புதுப் பெட்டிக்குக் காப்பி பண்ணத் தொடங்கினார்கள்.

"நடுவுல கரண்ட் போனா இந்தக் கிழம் மொதல்ல தன்னையே செக் பண்ணும். அப்புறந்தான் காப்பி ஆகும்," என்றார் டெக்னீஷியன்.

"ஆன்ட்டி, பெட்டியத்தான் சொல்றாரு லா, உங்கள இல்ல," என்று அந்தப் பெண் சிரித்தாள்.

மத்தியானம் இடி இடித்தது. இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குவது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் பழக்கம். லேப் தலைவரும் தோட்டத்தில் வளர்ந்தவர்தான். "அக்கா, காது கேக்கலியா? எல்லாத்தையும் புடுங்குங்க!" என்றார். அந்த ஆராய்ச்சிப் பெண் வேண்டாமென்று தலையாட்டினாள். நான் துடைப்பத்தோடு விழித்தேன். அவரே வந்து பிடுங்கினார்.

மறுநாள் காலை முழுக்கப் பழைய பெட்டி தன்னைச் சோதித்தது. காப்பி தொடங்கிய நேரம் பார்த்து மறுபடி இடி; மறுபடி பிளக்கைப் பிடுங்கினார். ஆள் இல்லாதபோது எதுவும் ஓடக்கூடாது என்பதும் தலைவர் சட்டம்; அதனால் ராத்திரியிலும் காப்பி ஓடாது. கரண்ட் போனாலும் தாங்கும் பேட்டரியை ஆர்டர் செய்தும் அது வந்த பாடில்லை. "அலமாக், மறுபடியுமா?" என்று டெக்னீஷியன் போனில் அலுத்துக்கொண்டார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த தடவை அவள் பிளக்கை மறைத்து நின்றாள்.

"சார், ஒழுங்கா நிறுத்த ரெண்டு நிமிசம் குடுங்க."

"இடி உங்கிட்ட கேட்டுட்டா விழும்? தள்ளு!"

பிடுங்கிவிட்டார். இடி ஆயர் ஈத்தாம் ஊர்ப் பக்கமே உருண்டு போயிற்று. இங்கே ஒரு தூறல்கூட இல்லை.

மறுநாள் காலையில் பழைய பெட்டி டக் டக் என்றதோடு சரி. டெக்னீஷியன் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பாதிப் படங்கள்தான் புதுப் பெட்டிக்கு வந்திருந்தன. அவள் தன் கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளி, லாபிஸ் மரம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினாள்.

"இடி விழுந்திருந்தா எல்லாமே போயிருக்கும்," என்றார் தலைவர்.

"விழலையே சார்," என்றாள். அவர் அறைக்குள் போய்விட்டார்.

பெட்டி வயசாகிப் போனதா, பிடுங்கிப் பிடுங்கிப் போனதா? கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்துப் பார்த்து, நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திக் கொடுங்கள்.