மூணு மில்லிமீற்றர்

"கொம்பியூட்டர்தானே செய்யிது!" இதை யாராவது சொன்னா எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வரும்.

பிலிமத்தலாவையில, லேசர் மெஷின்ல பலகை வெட்டிக் குடுக்கிற கடை. படம் வரையிற கதிரையில ஒன்பது வருசமா நான்தான். கடுகண்ணாவையில இருந்து பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வந்து அந்தக் கதிரையில உட்கார்ந்தாத்தான் எனக்கு மூச்சே வரும்.

வெசாக் பண்டிகைக்கு ஒரு மாசம் இருக்கக்குள்ள முதலாளி தன் அக்கா மகனைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. டிசைன் படிச்சவராம், சான்றிதழ் இருக்காம். கதிரை அவருக்கு. எனக்கு மணல்தாள், வெட்டின பலகையைத் தேய்க்கிறதுக்கு! "கொம்பியூட்டர்தானே செய்யிது, யார் உட்கார்ந்தா என்ன?"ன்னாரு முதலாளி.

பக்கத்துப் பன்சலையில, புத்தர் கோயில்ல, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிற டீச்சர், விளக்கு வச்சுத் தொங்கவிட நாற்பது வெசாக் கூடு கேட்டிருந்தாங்க. நாங்க துண்டு துண்டா வெட்டிக் குடுத்தா பிள்ளைங்களே கோர்த்துக்குவாங்க. ஒரு பெரிய கூடு, அதைச் சுத்தி அதே மாதிரி குட்டிக் கூடுகள். மருமகன் பெரிசை வரைஞ்சாரு. அதை அறுபது வீதமாச் சுருக்கி ஒரு பிரதி எடுத்தாரு. அப்புறம் கீபோர்ட்ல, செஞ்சதையே திரும்பச் செய்ய வைக்கிற கன்ட்ரோலும் டீயும் சேர்த்து ஒரு தட்டு. அந்தக் குட்டியிலயும் அறுபது வீதத்துக்கு இன்னொரு குட்டி வந்திச்சு. "பாத்தீங்களா மாமா!"

நான் பின்னால நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். "தம்பி, பலகை கோர்க்கிற வெட்டும் சேர்ந்து சுருங்குதே. பலகை மூணு மில்லிமீற்றர். குட்டிக்கும் அதே பலகைதான். அப்ப வெட்டும் மூணாவே இருக்கணும்."

கூட்டைச் சுருக்கின பிறகு ஒவ்வொரு வெட்டையும் அழிச்சுத் திரும்ப வரையணும். அரை நாள் வேலை. வருசா வருசம் அதை நான் வாயைத் திறக்காம செஞ்சதுதான் தப்பு.

"நீங்க போய்த் தேய்ங்கக்கா"ன்னாரு. மாதாவே! அந்த மணல்தாளாலயே அவர் வாயைத் தேய்ச்சு விட்டிருக்கணும்.

வெசாக்குக்கு மூணு நாள் இருக்கு. டீச்சர் கடைக்கு வந்து, ஒண்ணைக் கோர்த்துப் பாத்தாங்க. பெரிய கூடு நல்லாவே நின்னுச்சு. குட்டிக் கூட்டுல பலகை வெட்டுக்குள்ள போகல. அழுத்தினாங்க, படக்குன்னு உடைஞ்சிருச்சு. நாற்பதும் அப்படித்தான். பிள்ளைங்ககிட்ட என்னத்தச் சொல்றதுன்னு டீச்சர் தலையில கையை வச்சாங்க.

முதலாளி என் பக்கம் கையைக் காட்டி, டீச்சருக்கு விளங்கிற சிங்களத்துல, "இந்த மிஸ்தான் அளவைப் பிழையாப் போட்டுட்டாங்க"ன்னாரு.

நாலு வெசாக்கா என் கையால கூடு வாங்கிட்டுப் போன டீச்சர், "நீங்களா?"ன்னு கேக்கிற மாதிரி என்னைப் பாத்தாங்க. மருமகன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கல.

விடுவேனா? "தம்பி, டீச்சர் முன்னாலயே இப்பச் சரி பண்ணுங்க"ன்னேன்.

வெட்டைப் பெரிசாக்கினாரு, கூடும் சேர்ந்து பெரிசாச்சு. கூட்டைச் சுருக்கினாரு, வெட்டும் சுருங்கிருச்சு. ஆறு தரம் இதே கூத்து. காது ரெண்டும் சிவந்து போச்சு அவருக்கு.

"சரிம்மா, சரி, நீ உட்காரு. பிள்ளைங்க விசயம்"ன்னாரு முதலாளி. இப்பத்தான் பிள்ளைங்க ஞாபகம் வந்திச்சாக்கும்! மருமகன் எழும்பிட்டாரு. நான் கதிரையோட முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், உட்காரல.

"சிங்களத்துலதானே பொய் சொன்னீங்க? சிங்களத்துலயே உண்மையையும் சொல்லுங்க."

முதலாளி தரையைப் பாத்துக்கிட்டு என்னமோ முணுமுணுத்தாரு. டீச்சர் "ஆ?"ன்னு முன்னால குனிஞ்சாங்க.

"டீச்சருக்குக் கேக்கலையாம். சத்தமாச் சொல்லுங்க."

சொன்னாரு. அதுக்கப்புறம்தான் நான் உட்கார்ந்தேன்.