கோலுக்குத் தரை, சக்கரத்துக்குச் சேறு

ஏரிச் சேற்றில் என் மனைவியின் ஒரே தம்பி மார்பு வரை இறங்கிவிட்டான். அவனுக்கு நாலு முழம் தள்ளி நான் தொடை வரை. முகத்துவாரத்துப் பக்கமிருந்து கடலின் ஏற்றத் தண்ணீர் அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அவனைப் பிடிக்கலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தால் நான் இன்னொரு சாண் இறங்கினேன். எண்பதாம் வருஷம், வைகாசி மாதம், மத்தியானம் மூன்று மணி இருக்கும். சைக்கிளோடு ஏரியில் செத்த மீனவன் என்று கல்லறையில் எழுத வேண்டிய நிலைமை. எழுதுகிறவன் சிரித்துவிட்டுத்தான் எழுதுவான்.

ஆண்டவர் பெயரால் என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கிற சபையாரே, நீங்கள் நல்ல நல்ல சாட்சிகள் கேட்டிருப்பீர்கள். அறை முழுக்க வெளிச்சம் வந்தது, வெள்ளை உடுப்பில் ஒருவர் தலைமாட்டில் நின்றார் என்பார்கள். எனக்கு அந்த மரியாதை எல்லாம் நடக்கவில்லை. நடக்காததற்குக் காரணமும் நான்தான். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சாட்சி பாதிப் பொய்யாகிவிடும்.

அப்போது எனக்கு முப்பது வயது. பெயர் யேசுதாசன். தாசன் என்பது பெயரோடு சரி. சொந்தப் படகு, அதில் இரண்டு ஆட்கள், நாலு வகை வலை. இவ்வளவு இருந்தால் ஒரு முட்டாளுக்குப் போதும், ஊரையே கேவலமாகப் பார்க்கலாம். பழவேற்காட்டிலிருந்து சைக்கிளில் கூடை கட்டி மீன் கொண்டுபோய் விற்கிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். பிடிக்கத் தெரியாதவன் சுமக்கிறான் என்பேன். அதற்கும் கீழே ஒரு வரிசை வைத்திருந்தேன். படகும் வலையும் இல்லாமல், ஆழமில்லாத தண்ணீரில் குப்புறக் கிடந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். இறால் போடுகிற பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நகர்ந்து போவார்கள். என் படகு அந்தப் பக்கம் போனால் வேண்டுமென்றே ஒரு வளை வளைத்து, தண்ணீரைக் கலக்கிவிட்டுப் போவேன். என் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் வேலை போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் இளைஞர் சங்கத்துக்காரர்கள் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். பழவேற்காட்டிலிருந்து திருப்பாலைவனம் வழியாக அனுப்பம்பட்டு வரை போய்த் திரும்ப வேண்டும், அப்படி இரண்டு நடை. கடைசியில் சவுக்குத் தோப்பு மணல்மேடுகளைத் தாண்டி, ஏரிக்கரையோடு எங்கள் குப்பத்தில் வந்து முடியும். எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. அந்த மணல்மேட்டில் சைக்கிள் ஏற்றிப் பார்த்தவன் மலை இல்லையே என்று வருத்தப்பட மாட்டான். குழுவுக்கு நாலு பேர். முதலில் வருகிறவன் கணக்கில் இல்லை. நாலாவது ஆள் எப்போது வந்து சேர்கிறானோ அதுதான் குழுவின் நேரம். பரிசு ஒரு கோப்பையும் ஒரு நைலான் வலையும்.

எனக்குக் கோப்பையைவிட வலை பெரிது. வலையைவிட, மீன் வியாபாரி காதர் முகம் தொங்குவதைப் பார்ப்பது பெரிது. காதர் தன்னோடு கூடை கட்டுகிற மூன்று பேரைச் சேர்த்துப் பெயர் கொடுத்திருந்தான். தினமும் அதே ரோட்டில் பாரத்தோடு போய்வருகிறவர்கள். புத்தியுள்ளவன் அதைப் பார்த்தே ஒதுங்கியிருப்பான். நான், துடுப்புப் போட்டுக் காய்த்த கை இருக்கிறது என்றேன். சைக்கிளைக் கையால் ஓட்டுவதில்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

என் படகாட்கள் ரத்தினமும் அவன் தம்பியும் என் குழு. நாலாவது ஆளாக மச்சான் அருளை இழுத்தேன். அவன் திருப்பாலைவனத்தில் தையல் கடை வைத்திருந்தான். தையல் மெஷினை மிதிக்கிற கால் சைக்கிளை மிதிக்காதா என்பது என் கணக்கு. அவன் மாட்டேன் என்றான். ஆம்பளையா நீ என்று அவன் கடை வாசலில், வாடிக்கைக்காரர்கள் முன்னால் கேட்டேன். வந்தான். என் மனைவி மேரி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அவன் குளத்துல குளிக்கவே பயப்படுவான். போனவன போன மாதிரியே கூட்டினு வா."

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று, எங்கள் வெற்றிக்காகச் சபை ஜெபிக்க வேண்டும் என்று விண்ணப்பம் வைத்தேன். வியாதிக்காரர் இருவர், வேலை இல்லாதவர் ஒருவர், அதற்குப் பிறகு நான். போதகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏம்பா, காதர் ஜெயிக்கணும்னு அவங்க வூட்ல ஒருத்தரும் கேக்க மாட்டாங்களா?"

அவர் விசுவாசத்தில் குறைவுள்ளவர் என்று முடிவு கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தனியாக முழங்கால் போட்டேன். காதர் சைக்கிள் டயர் வெடிக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டும் வேண்டாம், ஒன்று போதும் என்றும் சொன்னேன். அவ்வளவு இரக்கமுள்ளவனாக இருந்தேன்.

பந்தயத்தன்று காதர் என் வாடகை சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இன்னா யேசு அண்ணே, நங்கூரம் எங்க?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் பதிலை ஆண்டவர் சொல்வார் என்று இருந்தேன்.

முதல் நடையிலேயே எங்கள் யோக்கியதை தெரிந்துவிட்டது. நான் முன்னால் பறப்பேன். பிறகு நின்று, பின்னால் வருகிற அருளைத் திட்டுவேன். திட்டி முடித்து மறுபடி பறப்பேன். காதர் குழு அப்படி இல்லை. நாலு பேரில் யார் மெதுவோ அவனை முன்னால் விட்டு, அவன் வேகத்தில் மற்ற மூவரும் பேசிக்கொண்டே போனார்கள். ஊர்கோலம் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஊர்கோலம் எங்களை அனுப்பம்பட்டில் ஒரு தடவையும் திருப்பாலைவனத்தில் ஒரு தடவையும் தாண்டிப் போனது.

இரண்டாவது நடையில் அருளுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மணல்மேட்டில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறும்போது வாந்தி எடுத்தான். நான் அவன் வாயைக்கூடத் துடைக்கவில்லை. நேரம் போகிறது என்றேன்.

மேட்டை விட்டு இறங்கினால் ஏரி. அங்கே ஏரியின் ஒரு கை உள்ளே நீண்டிருக்கும். பாதை அதைச் சுற்றிக்கொண்டு கரையோடு போகிறது. அக்கரையில் எங்கள் குப்பம் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. காதர் குழு சுற்றுப் பாதையில் பாதி தூரம் போய்விட்டது. நடுவிலே தண்ணீர் வற்றி, மேலே வெடித்துக் காய்ந்த தரை. குறுக்கே போகக் கூடாது என்று சங்கத்துக்காரர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை, இவ்வளவு பெரிய மடையன் பெயர் கொடுப்பான் என்று எதிர்பார்க்கவில்லை.

எனக்கு அந்த இடம் பழக்கம். பல வருஷம் படகில் நின்று கோல் ஊன்றித் தள்ளிய இடம். கோல் ஒரு ஆள் உயரம் இறங்கும், பிறகு டக்கென்று நிற்கும். கட்டித் தரை. அந்த ஆள் உயரமும் தண்ணீர் என்றே நினைத்திருந்தேன். தண்ணீர் வற்றிவிட்டது, இனி தரைதானே. அதில் தண்ணீர் முழங்காலளவுதான், மிச்சமெல்லாம் சேறு என்று எனக்குத் தெரியாது. சேற்றை ஊடுருவிப் போகும்போது கோல் கைக்கு ஒன்றும் சொல்லாது. நானும் கேட்டதில்லை. படகிலேயே நின்று காலம் கழித்தவன், ஒரு நாளும் அதில் கால் வைத்துப் பார்த்ததில்லை.

ரத்தினம் தயங்கினான். அருள் சுற்றியே போகலாம் மாமா என்று கெஞ்சினான். நான் அவனை சைக்கிளில் ஏற்றி, முதுகில் கை வைத்துத் தள்ளினேன். என் கைதான். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

கொஞ்ச தூரம் நன்றாகவே ஓடியது. நான் ஸ்தோத்திரம்கூடச் சொன்னேன். பிறகு அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சத்தம். அருளின் முன் சக்கரம் காணாமல் போனது. அவன் தலைக்குப்புற விழுந்து, பதறி எழுந்து நின்றான். நின்றதுதான் தப்பு. உதறினான், இறங்கினான். உதற உதற இறங்கினான். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஓடினேன், நானும் மாட்டினேன். பின்னால் வந்த ரத்தினமும் தம்பியும் ஓரத்திலேயே நின்று, கயிறு கொண்டுவருகிறோம் என்று கத்திவிட்டுக் குப்பத்துக்கு ஓடினார்கள். அது சுற்றுப் பாதை. அவர்கள் போய்வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். கடல் ஏறுகிற நேரம் தெரியாத மீனவன் உண்டா?

அருள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாமா, அக்காகிட்ட நானே ஆசப்பட்டு வந்தேன்னு சொல்லு" என்றான்.

அப்போது என் உள்ளே ஏதோ ஒன்று முறிந்தது. அதுவரை நான் ஜெபித்ததெல்லாம் ஆண்டவருக்கு வேலை ஏவினது. முதல் தடவையாக எனக்குச் சொல்ல யோசனை ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. ஏரியே கேட்கிற மாதிரி கத்தினேன்: "ஆண்டவரே, நான் எக்கேடாவது கெட்டுப் போறேன். இந்தப் புள்ளைய வுட்டுடு. யாரையாவது அனுப்பு. யாரையாவது."

ஆமென் சொல்லக்கூட இல்லை. பக்கவாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ நைனா, கால ஆட்டாத. ஆட்டுனா போய்டுவ."

வயிற்றால் ஊர்ந்து ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். புடவையைக் கச்சமாகக் கட்டி, தலைமுடி எல்லாம் சேறு, பல்லில் பறி. எல்லம்மா. நான் எத்தனையோ தடவை தண்ணீரைக் கலக்கிவிட்டுச் சிரித்த கூட்டத்தில் ஒருத்தி. அவளுக்கும் என்னைத் தெரிந்தது. பறியைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"படு."

எனக்கு உடனே புரியவில்லை. அக்கரையில் காதர் குழு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும், அவர்கள் கண் முன்னால் குப்புற விழ எனக்கு வெட்கமாக இருந்தது. சபையாரே, தொடை வரை சேற்றில் நின்றுகொண்டு கௌரவம் பார்த்தேன்.

"இன்னா, துரைக்குப் பாய் விரிக்கணுமா? நின்னா சாவு, படுத்தா பொழைப்பு. படு."

படுத்தேன். மூக்கு, வாய், காது எல்லாம் சேறு. ஆனால் இறங்குவது நின்றது. என் சைக்கிளைப் படுக்கையாகப் போட்டு அருள் பக்கம் தள்ளச் சொன்னாள். அருளை அதன்மேல் நெஞ்சை வைத்துச் சாயச் சொன்னாள். பிறகு அவன் பக்கத்தில் கிடந்து, தோள் வரைக்கும் கையைச் சேற்றுக்குள் விட்டாள். இறாலைத் தடவுகிற அதே விரல்கள். அவன் தொடையை ஒட்டித் தடவிக்கொண்டே இறங்கி, சேறு கவ்வின இடத்தை இளக்கி, வந்துகொண்டிருந்த தண்ணீரை விரல் வழியாக உள்ளே விட்டாள். நான் எமன் என்று பயந்த தண்ணீர் அது. ஒரு கால் வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு கால். பிறகு என் கால்களையும் அப்படியே விடுவித்தாள். காதரும் அவன் ஆட்களும் மீன்கூடை கட்டுகிற ரப்பர் பட்டைகளை ஒன்றோடொன்று முடிந்து, எல்லம்மா காட்டின இடம் வரை ஊர்ந்து வந்து வீசினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். பந்தயத்தை ஜெயித்தது வேறு ஏதோ ஒரு குழு. யார் என்று நான் விசாரிக்கவில்லை.

கரையில் அருள் மூச்சு வாங்கிக் கிடந்தான். நான் எல்லம்மாவிடம், எங்கிருந்து வந்தாய் என்று கேட்டேன். பரலோகம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"எங்கேந்தும் வரல. நீங்க எறங்கும்போதே அங்கதான் கெடந்தேன். உன்னப் பாத்து சிரிச்சினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் வந்த?"

"நீ ஒங்க சாமிய கூப்ட்ட. எனக்குக் கேட்டுச்சு. அங்க வேற யார் கீறாங்க?"

அவ்வளவுதான். நாற்பது நாள் உபவாசம் இருந்தாலும் எனக்கு இதைவிடத் தெளிவான பதில் வந்திருக்காது.

மறுநாள் ஒரு கூடை மீனோடு அவள் குடிசைக்குப் போனேன். எனக்கே மீனா, தூக்கினு போ என்று விரட்டினாள். அருள் புத்திசாலி, அளவெடுத்து இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள். நான் ஒரு மாதம் தினமும் காலையில் அவளிடம் போய், சேற்றில் நகரக் கற்றுக்கொண்டேன். என் வயிற்றைப் பார்த்து அவர்கள் கூட்டமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று கிடந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் இருக்கிற பக்கம் என் படகு மெதுவாகத்தான் போகிறது. காதரோடும் பேச்சு உண்டு. நான் பிடிக்கிற மீனை இப்போது அவன்தான் கொண்டுபோகிறான். மேரி மட்டும் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயமான தீர்ப்பு.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். யாரையாவது இளக்காரமாகப் பார்க்க இன்னும் கண் போகிறது. போகும்போது வாயெல்லாம் சேற்றின் ருசி வருகிறது, கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன். இது ஆண்டவர் செய்த கிருபை. அவருக்கே நன்றி.

இதைக் கேட்கிறவர்களிலோ படிக்கிறவர்களிலோ யாராவது இன்றைக்கு ஏதோ ஒரு சேற்றில் நிற்கலாம். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறார், ஆள் அனுப்புகிறார். வருகிற ஆள் உங்களுக்குப் பிடித்தவராக இருப்பார் என்று மட்டும் எண்ண வேண்டாம். யார் வந்தாலும், படு என்றால் படுத்துவிடுங்கள்.