தாயின் வயது கேட்ட தாள்

அடையாள அட்டையின்படி விஜயலெட்சுமிக்கு வயது இருபத்து மூன்று. மகள் யதுர்ஷியின் பிறப்புச் சான்றிதழை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து. பதினேழில் கர்ப்பமானபோது, பொலிஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து கிளினிக்கில் பத்தொன்பது என்று சொல்லியிருந்தாள். அது அப்படியே சான்றிதழிலும் ஏறிவிட்டது. யதுர்ஷியின் அப்பன் ரஜீவ் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணத்தைப் பதியவில்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் அது புதினமல்ல. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன் இரண்டு தீபாவளிக்கு வராததும் புதினமல்ல.

ஒரு திங்கட்கிழமை யதுர்ஷி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். தாயின் வயது என்ன, தாய் மணமானவரா என்று அதில் கேட்டிருந்தது. எதை எழுதினாலும் ஏதோ ஒரு பத்திரம் தன்னைப் பொய்க்காரி ஆக்கும், பள்ளிக்கூடத்தில் மகளின் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று விஜயலெட்சுமி நினைத்தாள். அதுவரை ஒரு நாளும் தவறாத பிள்ளையை மறுநாள் வீட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

"எழுதிக் குடுத்துட்டுப் போவியா, என்னமோ பெரிய ரகசியம் வச்சிருக்க மாதிரி!" என்றாள் பக்கத்து லயத்து வீட்டுக் கருப்பம்மா.

"ரகசியம் இல்லாட்டி அவங்க ஏன்க்கா கேக்குறாங்க?"

வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்பாசிரியை றின்ஸா லயத்துக்கே வந்துவிட்டார்.

"புள்ளைக்குக் காய்ச்சலா?"

"நல்லாத்தான் இருக்கா டீச்சர். என் வயசு எதுக்குன்னு சொல்லுங்க, அனுப்புறேன்."

"சின்ன வயசுல பெத்தவங்க, தனியா இருக்கிறவங்க, அவங்கட புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கா வருதான்னு கல்விக் கந்தோர்ல பாக்கிறாங்களாம்."

"அப்பன் வயச ஏன் கேக்கல?"

றின்ஸா தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

"பேர வெட்டிருவாங்களா டீச்சர்?"

"நான் இருக்கும்வரைக்கும் விடமாட்டேன்."

நல்லவர்தான். ஆனால் இடமாற்றம் கேட்டு எழுதியிருக்கிறார் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும்.

"இந்த நாலு நாளைக்கு என்ன காரணம் போடுவீங்க?"

"காய்ச்சல்னு போட்டுறவா?"

"வேணாம். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிட்டு ஆறு வருசமா தூக்கமில்ல. இந்தத் தாளாலன்னு போடுங்க."

றின்ஸா சிரிக்கவில்லை. நிரப்பாத தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். வரவு இடாப்பில் காரணமாக என்ன எழுதினார் என்பது விஜயலெட்சுமிக்குத் தெரியாது.

திங்கட்கிழமை விஜயலெட்சுமி வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவில்லை. மகளை வகுப்பில் விட்டு, வெளியே ஜன்னலோரம் நின்றாள். றின்ஸா வாசித்த இடாப்பில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. யதுர்ஷியின் பெயரும் வந்தது. அதற்குப் பிறகும் அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.