சாரல் எங்கே நிற்கிறது?

ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் கரும்பலகையில் ஒரு மலை வரைவேன். மேற்கே இருந்து காற்று ஏறும், மழை கொட்டும், கிழக்கே நிலம் காய்ந்து கிடக்கும். நடுவில் ஒரு கோடு போடுவேன். ஜன்னலுக்கு வெளியே அதே மலைதான் நிற்கிறது. தென்காசியிலேயே இருந்துகொண்டு அந்தக் கோட்டை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை என்பது நாற்பத்து மூன்றாம் வயதில்தான் எனக்கு உறைத்தது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, எங்கள் பள்ளியின் விளையாட்டு டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கணவர் துபாயில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் இரண்டு பேரும் கியர் சைக்கிளில் ஊர் சுற்ற ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"சாரல் எங்கன நிக்குதுன்னு பாக்கணும், அவ்வளவுதானக்கா? ஓட்டிப் பாத்துருவோம்" என்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையில் இருந்து வடக்கே கிளம்பினோம். பண்பொழியைத் தாண்டும்போது இடது பக்கம் குன்றின் மேலிருந்த கோயில் மேகத்துக்குள் பாதி மறைந்து நின்றது. ஏற்றமும் இறக்கமுமாகத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே சாலை போயிற்று. வடகரை வந்தது, பள்ளிவாசல் மினார் வந்தது, அச்சன்புதூரும் வந்தது. சாரல் மட்டும் விடுவதாக இல்லை. மட்கார்டு இல்லாத சக்கரம் முதுகு முழுக்கச் சேற்றைத் தெளித்திருந்தது.

அச்சன்புதூரில் டீ குடிக்க நின்றோம். கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்தச் சாரல் எதுவரைக்கும் விழும்?"

அவர் எங்கள் முதுகைப் பார்த்தார். "எங்க இருந்து வாரிய?"

"செங்கோட்டைல இருந்து."

"மலைய ஒட்டியே வந்துட்டு, எங்க முடியும்னு கேட்டா? இப்படியே போனா எத்தனை ஊருக்கும் இது கூடவே வரும். மலைக்கு முதுகக் காட்டிப் போங்க டீச்சர்."

டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. திசை சொல்லிக்கொடுப்பதே என் பிழைப்பு. மலைக்கு இணையாக ஓட்டினால் கோட்டைக் கடக்கவே முடியாது என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. தோழி டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு குற்றாலத்தில் இருந்து கிழக்கே கிளம்பினோம். அருவிக்குப் போகிற கூட்டமெல்லாம் எதிரே வர, நாங்கள் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிப் போனோம். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று பின்னால் இருந்து தள்ளியது. மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. இலஞ்சியில் நல்ல சாரல். தென்காசியில் வெயிலும் சாரலும் சேர்ந்தே விழுந்தன. ஆய்க்குடி தாண்டியதும் சக்கரத்தின் சத்தம் மாறியது. ஈரத் தாரில் வருகிற சர்ரென்ற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சாலை திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தது.

"நில்லு, நில்லு" என்று கத்தினேன்.

பைக்குள் சாக்குக்கட்டி வைத்திருந்தேன். காய்ந்த தார் தொடங்குகிற இடத்தில் குனிந்து ஒரு கோடு போட்டேன். பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மேற்கே இருந்து சாரல் மெதுவாக நகர்ந்து வந்தது. கோட்டைத் தாண்டி, எங்களையும் தாண்டி, வயலுக்குள் போயிற்று.

"உங்க கோடு ஓடுதுக்கா" என்றாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு விரட்டினோம். சின்னப் பிள்ளைகள் மாதிரி அதை முந்தினோம். அது பிடித்தது, திரும்ப முந்தினோம். சுந்தரபாண்டியபுரத்துக்குப் பக்கம் வந்தபோது வலது கைப்பக்கம் ஒரு செங்கல் சூளை தெரிந்தது. இன்னும் சுடாத பச்சைக்கற்களை வரிசை வரிசையாக வெயிலில் அடுக்கிக் காயப் போட்டிருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா இடுப்பில் கை வைத்து மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கணவர் தூரத்தில் மண் குழைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்கன சாரல் விழுமா?" என்று நான் உற்சாகமாகக் கேட்டேன்.

"விழாதுன்னுதான் இங்கன சூளை போட்டிருக்கோம்" என்றாள். பேசும்போதும் பார்வையை எடுக்கவில்லை. திடீரென்று கணவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, வருது! வருது!" பிறகு எங்களிடம், "ஏம்மா, சைக்கிள அங்கன போட்டுட்டு இந்தத் தார்ப்பாய் முனையப் பிடிங்க!"

போட்டுவிட்டு ஓடினோம். தார்ப்பாய் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. காற்று அதற்குள் புகுந்து என்னைத் தூக்கப் பார்த்தது. தோழி ஒரு முனையில் ஏறி உட்கார்ந்தே விட்டாள். அந்த அம்மாவின் கணவர் ஓடிவந்து கல்லைத் தூக்கித் தூக்கி ஓரத்தில் வைத்தார். நான்கு பேருமாக மூன்று பாய் விரித்தோம். நான்காவதை இழுப்பதற்குள் சாரல் வந்துவிட்டது. கடைசி இரண்டு வரிசைக் கற்கள் எங்கள் கண் முன்னாலேயே நனைந்தன. சில கற்களின் மூலை மழுங்கிச் சரிந்தது.

ஐந்து நிமிஷம்தான். பிறகு வெயில் அடித்தது.

அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஆமா, நீங்க யாரு? என்னத்துக்கு வந்திய?"

சாரல் எங்கே நிற்கிறது என்று தேடி வந்தோம் என்று சொல்லாமல், நான் தார்ப்பாயின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன். அது வந்தபோது சந்தோஷமாகக் கத்திக்கொண்டே வந்தவள் நான். தோழிதான் உண்மையைச் சொன்னாள்.

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினாள். அடக்க முடியாமல் சிரித்தாள். "கேட்டியளா? மழையத் தேடி சைக்கிள்ல வந்திருக்காவளாம்!"

"உங்களுக்கு எப்படித் தெரியுது, எப்ப வரும்னு?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"எங்க தெரியுது? தெரிஞ்சா இப்படிக் கிடந்து ஓடுவமா? சில வருஷம் இங்கன ஒரு சொட்டு விழாது. இந்த வருஷம் இது மூணாவது தடவ." மழுங்கிய கல் ஒன்றை எடுத்துப் பார்த்து, மண் குவியலில் போட்டாள். கரைந்ததைத் திரும்பக் குழைத்துப் புதுக் கல்லாக அறுத்துவிடலாமாம். வேலைதான் வீண். செம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினோம். வரும்போது நாற்பது நிமிஷத்தில் வந்த தூரத்துக்கு, எதிர்காற்றில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆய்க்குடியில் கொஞ்ச தூரம் இறங்கித் தள்ளவும் செய்தோம்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் போனோம். அந்தக் கற்கள் என்ன ஆயின என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. சூளை எரித்து முடித்து, பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா எங்களை அடையாளம் கண்டு கையாட்டினாள். "வாங்க மழைக்காரங்களே! இன்னைக்கு எதையும் கூட்டிட்டு வரலயே?"

கரையாமல் தப்பிய நனைந்த கற்களைத் தனியாக அடுக்கியிருந்தாள். சிவந்த கல்லின் மேல் அம்மைத் தழும்பு மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் அன்று விழுந்த ஒரு துளி. நான் விரலால் தடவிக்கொண்டே நின்றேன். இருபது வருஷமாக மழையைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன், அதன் அச்சைத் தொட்டது அன்றுதான்.

"பூச்சுக்குள்ள போற கல்லு. குழி இருந்தா சாந்து நல்லாப் பிடிக்கும்" என்றாள் அவள்.

ஒன்று தருவாளா என்று கேட்டேன்.

"ஒத்தக் கல்ல வச்சு என்ன வீடா கட்டப் போறிய?" என்று கேட்டுவிட்டு, துளி நிறைய விழுந்த கல்லாகப் பார்த்து அவளே பொறுக்கிக் கொடுத்தாள்.

தோழி பழைய ட்யூபால் அதை என் கேரியரில் கட்டினாள். ஊர் வந்து சேரும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் அது தடக் தடக்கென்று பின்னால் அடித்துக்கொண்டே வந்தது. இரண்டு இடத்தில் இறங்கி இறுக்கிக் கட்டினோம்.