காமு மாமியின் மோரும் ஒரு மணிச் செய்தியும்

எங்கள் திருத்தணியில் இரண்டு விஷயத்தில் மட்டும் யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. ஒன்று, காமு மாமி மெஸ் சாப்பாடு. இன்னொன்று, ஸ்வீட்லின் அக்கா வாசிக்கும் ஒரு மணிச் செய்தி. மற்றபடி பஸ் ஜன்னல் சீட்டிலிருந்து கோயில் வரிசை வரைக்கும் நாங்கள் எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்கிறவர்கள்தான்.

எங்கள் கேபிள் சேனலில் வருஷா வருஷம் பொங்கலுக்கு 'ஊருக்குப் பிடித்தது' என்று ஓட்டெடுப்பு நடத்துவோம். பிடித்த டீக்கடை, பிடித்த பிரியாணி, பிடித்த சலூன் என்று நீளமான பட்டியல். டீக்கடைக்கு அடிதடி வரைக்கும் போகும். கே.ஜி.கண்டிகைக்காரர்கள் தங்கள் ஊர்க் கடைக்காக ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்கிச் சீட்டுப் போடுவார்கள். பிடித்த சாப்பாட்டுக்கும் பிடித்த செய்திக்கும் மட்டும் ஓட்டை எண்ணுவதே வீண் வேலை. எண்ணுகிறவன் நான் என்பதால் சொல்கிறேன். கேமரா பிடிப்பது, செய்தி எழுதுவது, திரையின் அடியில் எழுத்து ஓட்டுவது எல்லாம் நான்தான். என் பெயர் பூபாலன். இங்கே நடந்த தப்பில் பாதி என்னுடையது. அதனால் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்வீட்லின் அக்கா பள்ளிப்பட்டில் பிறந்தவர். நெசவுக் குடும்பம். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்க எழுந்து நின்றால், தூங்கிக்கொண்டிருக்கும் கிழவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்களாம். அந்தக் குரல்தான் பதினெட்டு வருஷமாக எங்கள் சேனலை ஓட்டிக்கொண்டிருக்கிறது. கரண்ட் எப்போது போகும், எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும், யார் வீட்டு மாடு காணாமல் போனது, யார் இறந்தார்கள், எப்போது எடுக்கிறார்கள். கடைசியில் திருப்பதி, சித்தூர் பஸ் நேரத்தை மட்டும் தெலுங்கிலும் ஒருமுறை சொல்வார். வேறு எந்த சேனல் என்ன சொன்னாலும், "ஸ்வீட்லின் இன்னும் சொல்லல இல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் ஊர் நம்பும்.

அவர் கணவர் ஜெபஸ்டின் கனகம்மாசத்திரத்தில் லாரி மோதி இறந்தபோது, நாலாம் நாள் அக்கா வேலைக்கு வந்துவிட்டார். பொட்டும் பூவும் இல்லாமல் டிவியில் வந்து உட்காருகிறாளே என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். அந்த நாட்களில் பதினைந்து நாள் இரண்டு வேளையும் கேரியர் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனவர் காமு மாமி. "நீ வாசி. பேசறவா பேசட்டும். ஆனா சாப்டுட்டு வாசி" என்றாராம். அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும்.

மாமியின் வீட்டுக்காரர் கணபதிசுப்பிரமணியன் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைத்தவர். அவர் போன பிறகு மாமி தொடங்கிய மெஸ் இது. பன்னிரண்டு பேர் உட்காரலாம். மிளகு குழம்பு, பருப்புத் துவையல், நுனி நாக்கில் சுரீரென்று ஏறும் எலுமிச்சை ரசம். கடைசியில் பெரிய பித்தளைத் தவலையிலிருந்து மோர். இஞ்சி, பெருங்காயம், கசக்கிப் போட்ட நார்த்தை இலை. மலையிலிருந்து இறங்கி வருகிற யார் கேட்டாலும் மோருக்குக் காசு கிடையாது. மோருக்கு ஊற்றும் தண்ணீர் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர். கேன் தண்ணீர் ஊற்றினால் மோர் செத்துப்போகும் என்பது மாமியின் கட்சி. ஊரின் கட்சியும் அதுதான்.

ஒரு மணி அடித்தால் மெஸ்ஸில் மிக்ஸி நிற்கும். பேச்சு நிற்கும். சுவரில் இருக்கும் டிவியில் ஸ்வீட்லின் அக்கா பேசுவார். ஒன்றரை மணிக்கு அதே அக்கா நேரில் வந்து அதே டிவிக்கு அடியில் இலை முன்னால் உட்காருவார். நானும் பக்கத்தில் உட்காருவேன்.

போன சித்திரையில், மெஸ்ஸின் பின்மதிலை ஒட்டி ஒரு புது லாட்ஜ் திறந்தார்கள். அதே மாதத்தில் ஊரில் எல்லாக் கிணறுகளும் அடியைக் காட்டின. மாமியின் கிணற்றில் மட்டும் இரண்டு அடி தண்ணீர் ஏறியது. மாமி வாளியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "முருகன் கண்ணைத் தொறந்துட்டான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். 'கோடையிலும் ஊறும் அதிசயக் கிணறு' என்று தலைப்பும் போட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வைகாசி முடியும்போது ஊரில் அங்கங்கே காமாலை வந்தது. எங்கள் பக்கத்தில் காமாலை என்றால் முதலில் டாக்டரிடம் போகமாட்டோம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிப்போம். நான் செய்தியில் அதைத்தான் எழுதினேன். "காமாலைக்குக் கீழாநெல்லி மோர் நல்லது. காமு மாமி மெஸ்ஸில் இலவசமாகக் கிடைக்கும்." அக்கா அதை வாசித்துவிட்டு, தாளில் இல்லாத ஒரு வரியைத் தானாகச் சேர்த்தார். "நானும் தினமும் அங்கேதான் குடிக்கிறேன்."

அடுத்த நாளே மெஸ் வாசலில் கூட்டம். நோயாளிகள் வந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்தவர்களும் முன்னெச்சரிக்கையாக ஒரு டம்ளர் குடித்தார்கள். மாமி இரண்டாவது தவலை வாங்கினார்.

ஆனி போனது. ஆடி பிறந்தது. காமாலை குறையவில்லை. அக்கா வாசிக்கும் மரணச் செய்தி இரண்டு நிமிஷத்திலிருந்து ஐந்து நிமிஷமானது. ஒருநாள் வாசித்து முடித்துவிட்டு அக்கா எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பூபாலா, இன்னைக்கு வாசிச்ச மூணு பேரும் மாமி மெஸ்ல எனக்கு எதிர் இலையில உக்காந்து சாப்ட்டவங்கடா."

"ஊரே அங்கதான் சாப்டுதுக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் இருந்தபோது நர்ஸ் அனுராதா ஸ்டூடியோவுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் காமாலைக்குப் படுத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்.

"கெணத்துத் தண்ணிய டெஸ்டுக்கு அனுப்பிச்சோம்க்கா. பேப்பர் வர இன்னும் நாலு நாள் ஆவுமாம். போன்ல சொல்லிட்டாங்க. லாட்ஜு கக்கூஸ் குழி தண்ணி அதுல கலக்குது. சாப்பாட்டுல பிரச்சினை இல்ல, அது கொதிக்குது. மோருதான் பச்சத் தண்ணி."

"நான் தினம் குடிக்கிறனே?"

"நெறைய பேருக்கு வெளிய தெரியாமலே வந்துட்டுப் பூடும்க்கா. ஆனா மாசமா இருக்கிறவங்களுக்கு வந்தா மட்டும் ரொம்பக் கஷ்டம். ரெண்டு உசுருக்கும் சொல்ல முடியாது."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமியின் ஒரே மகள் சுப்ரஜா வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாவது மாதம். கொல்லையில் காற்றாட உட்கார்ந்து மோர் குடிப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. அது போக, கிருத்திகைக்குக் காவடி எடுத்து லட்சக்கணக்கில் ஜனம் வரும். வெயிலில் இறங்கி வருகிற வாய்க்கெல்லாம் மோர் கொடுக்க மாமி மூன்றாவது தவலையும் தேய்த்து வைத்திருந்தார்.

அக்கா அன்றே மாமியிடம் போனார். நானும் போனேன்.

"மாமி, தண்ணியக் காய்ச்சி ஆற வெச்சு மோருக்கு ஊத்துங்க. அது போதும். சுப்ரஜாவுக்கு அதுகூட வேணாம், நிறுத்திடுங்க."

மாமி கரண்டியைக் கீழே வைத்தார். "காய்ச்சின தண்ணில மோரா? ஏண்டி, பதினெட்டு வருஷமா குடிக்கறயே, உனக்கு என்ன வந்தது? முருகன் குடுத்த தண்ணியை அசுத்தம்னு சொல்றயா? யாருடி உன்னைத் தூண்டி விட்டா?"

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாமி காது கொடுக்கவில்லை. நாங்கள் திரும்பும்போது கொல்லைக் கதவருகே சுப்ரஜா களைத்துப்போய்ச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "மசக்கை இன்னும் விடலைக்கா, சோத்தைப் பாத்தாலே குமட்டறது" என்று சிரித்தாள். எட்டு மாதத்தில் என்ன மசக்கை என்று எனக்குத் தோன்றியது. பெண்கள் சமாச்சாரம் நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இதைச் செய்தியில் சொல்ல எங்கள் முதலாளி ஹரீஷும் ஒத்துக்கொள்ளவில்லை. "பேப்பர் வரட்டும் மேடம். இப்ப சொன்னா திருவிழா ஜனமே பயந்துடும். மாமி பேரைச் சொன்னா ஊரு நம்மள உதைக்கும். நாலே நாளு, விடுங்க" என்றார். அதோடு நிற்காமல், கிருத்திகை நேரலைக்காகப் புது விளக்கு வந்திருப்பதைக் காட்டினார். எங்கள் பழைய விளக்குகளில் யாரை உட்கார வைத்தாலும் முகம் மஞ்சளாகத் தெரியும். "உங்க டிவில வர்றவன் எல்லாருக்கும் காமாலையா?" என்று ஊரே கிண்டல் செய்யும். புது விளக்கில் அக்காவின் முகம் முதல்முறையாக அதன் சொந்த நிறத்தில் தெரிந்தது. அதைக்கூட ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

மறுநாள் ஒரு மணிச் செய்தியில் பஸ் நேரம் முடிந்ததும் அக்கா தாளை மடித்து வைத்தார். தானாகவே பேசினார்.

"வைகாசிக் கடைசியில் காமு மாமி மெஸ்ஸில் மோர் குடிக்கச் சொல்லி நான் வாசித்தேன். அது தவறு. அந்தக் கிணற்றில் கழிவு கலந்திருக்கிறது என்று தெரிய வந்திருக்கிறது. அந்த மோரை யாரும் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகள் நிச்சயமாகக் குடிக்க வேண்டாம். மாமி என் தாய்க்குச் சமம். அதனால்தான் சொல்கிறேன்."

இத்தனை வருஷத்தில் ஊர் அக்காவை நம்பாதது அன்றைக்குத்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. போட்டி ஓட்டல்காரன் எவனிடமோ கைநீட்டிக் காசு வாங்கிவிட்டாள் என்றான் ஒருவன். சோறு போட்ட கைக்கே துரோகம் என்றாள் ஒருத்தி. அக்காவின் மதத்தை இழுத்துப் பேசியவர்களும் உண்டு. அதைவிட மோசம் ஒன்று நடந்தது. மாமிக்கு ஆதரவாக ஊர் திரண்டு மெஸ்ஸுக்குப் போனது. மோருக்கு வரிசை தெருமுனை வரை நின்றது. குடித்துவிட்டு டம்ளரைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்து எங்களுக்கே அனுப்பினார்கள். நானூறு படம் வந்திருக்கும். ஒவ்வொன்றிலும் சிரித்த முகம்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு, செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு மாமி உள்ளே வந்தார். ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் வெள்ளி டம்ளர். பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுப்ரஜா. ஹரீஷ் என்னைப் பார்த்து நிறுத்தாதே என்று சைகை காட்டினார். ஊரே பார்க்கும் நேரம் அல்லவா?

மாமி டம்ளரில் மோரை ஊற்றி அக்காவின் மேஜையில் வைத்தார். "குடி. ஊர் பாக்கட்டும். பதினெட்டு வருஷம் குடிச்ச வாய் தானே?"

அக்கா டம்ளரைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆவாது மாமி. ஆனா நான் குடிச்சா ஊரு குடிக்கும். குடிக்க மாட்டேன்."

"அப்போ என்னை ஊர் முன்னாடி விஷம் வெக்கறவளா ஆக்கிட்டே."

"அம்மா, விடும்மா" என்றாள் சுப்ரஜா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "அவா குடிக்காட்டி என்ன? நான் குடிச்சுக் காட்டறேன். குடு இங்க." டம்ளரை எடுக்கக் கை நீட்டினாள்.

மாமியின் கை பாய்ந்தது. மகளுக்கு முன்னால் டம்ளரைப் பறித்துத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டார். மோர் தளும்பி அவர் புடவையிலும் தரையிலும் கொட்டியது. யாரும் அவரைத் தடுக்கச் சொல்லவில்லை. அவருக்குள்ளேயே எங்கோ ஒரு பயம் இருந்திருக்கிறது. அது கையை இழுத்துவிட்டது. திருத்தணி முழுவதும் அதைப் பார்த்தது. மெஸ் வரிசையில் நின்றவர்களும் அந்தச் சுவர் டிவியில் பார்த்திருப்பார்கள்.

மாமி தன் கையையே வெறித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவைத் திருப்பினேன். சுப்ரஜாவின் முகம் திரை நிறைய வந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. விளக்குக் கோளாறு என்று பழக்கதோஷத்தில் நினைத்தேன். விளக்கு புதிது. பக்கத்தில் அக்காவின் கையிலிருந்த, செய்தி எழுதிய தாளும் திரையின் ஓரத்தில் தெரிந்தது. அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

அக்காவும் பார்த்துவிட்டார். மைக் இன்னும் திறந்திருக்கிறது என்பதைக்கூட மறந்து, "பூபாலா, அத நிறுத்திட்டு ஆம்புலன்சுக்குப் போன் போடுடா" என்று கத்தினார். எழுந்து ஓடிப்போய் சுப்ரஜாவைத் தோளோடு தாங்கிக்கொண்டார்.

மாமி மட்டும் நிமிரவில்லை. மகளின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. கொட்டிய மோரைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.