பூஜைக்கு வைத்த நாலு டிஸ்க்

1. கேள்வி கேட்கும் ஸ்க்ரீன்

விஜயதசமி காலை எட்டரை மணிக்கு, திருவனந்தபுரத்தில் ஒரு சர்வீஸ் இன்ஜினீயருக்கு போன் வரக் கூடாது. ஊரே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு முதல் எழுத்து எழுதவைக்க, எழுத்து இருத்தக் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் அது. நான் ஹாஸ்டலில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். போனில் அம்பிகா. கரமனையில் கோலப்ப பிள்ளை அண்ணாச்சி நடத்திய திருமணத் தகவல் நிலையத்தில் அவர்தான் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர்.

"செண்பகம் மேடம், சர்வர் பீப் பீப்னு கத்துது. ஸ்க்ரீன்ல ஒரு கேள்வி வந்து நிக்குது."

"என்ன கேள்வி?"

"டிஸ்க் எல்லாம் எடம் மாறி இருக்காம். இப்ப இருக்கதையே புது செட்டப்பா எடுத்துக்கட்டுமான்னு கேக்குது. 'ஒய்'யா 'என்'னான்னு சொல்லணும். ஒய் அடிக்கட்டே?"

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டன் அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். "விரலைக் கீபோர்டுலேருந்து எடுங்க. ரெண்டு கையையும் கட்டிட்டு உக்காருங்க."

"கட்டலாம் மேடம். அப்போ போனை யாரு பிடிக்கது?"

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இப்போது கிளவுடில் ஒரு டிக் போட்டு ஸ்டோரேஜ் வாங்கும் பிள்ளைகளுக்குப் புரியாது. அந்த சர்வரில் இருந்தது அண்ணாச்சியின் இருபது வருட உழைப்பு. திருநெல்வேலியிலிருந்து கொல்லம் வரைக்கும் கல்யாணத்துக்குக் காத்திருந்த தமிழ்ப் பிள்ளைகளின் ஜாதகங்கள் முழுவதும் அதில்தான். ஒய் அடித்தால், டிஸ்க்குகளை ஆளும் கன்ட்ரோலர் கார்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். பழைய காகித ஜாதகங்களோ, இரண்டு மாதத்துக்கு முன்பே பழைய பேப்பர் வாங்குபவரின் சாக்கில் ஏறிப் போய்விட்டன. "இனிமே காகிதம் எதுக்கு அண்ணாச்சி? இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று சொல்லி ஏற்றிவிட்டவள் நான்.

எண்ணெய்த் தலையோடு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

2. பூஜ்யம் வேண்டாம், அஞ்சு போடுங்க

அந்த சர்வரைத் தேர்ந்தெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி நாஞ்சில் நாட்டுக்காரர். எந்த விஷயத்தையும் பத்துப் பொருத்தம் பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டார். டிஸ்க்குக்கும் அதே விசாரணைதான்.

"சாலை பஜாருல ஐடிஇ டிஸ்க் கெடக்கே மக்ளே. நீ என்னத்துக்கு ஸ்கஸி ஸ்கஸிங்க?"

"ஐடிஇ வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அண்ணாச்சி. உங்க ஆபீஸ்ல காலைலேருந்து ராத்திரி வரை அஞ்சு பேர் தேடிக்கிட்டே இருப்பாங்க. ஐடிஇ மூச்சு வாங்கும். ஸ்கஸி தாங்கும்."

"சரி. நாலு டிஸ்க் வாங்குனா நாலு டிஸ்க்கு எடமும் எனக்கு வேணும்லா?"

"அப்போ நாலையும் ஒண்ணாச் சேர்த்து ஓட்டுற ரெய்டு முறைல, ரெய்டு ஜீரோ. ஆனா ஒண்ணு போனா நாலும் போச்சு."

"சீ, வேண்டாம். அடுத்தது?"

"ரெய்டு ஒண்ணு. எல்லாத்தையும் ரெண்டு தடவை எழுதி வைக்கும். பாதி இடம்தான் கிடைக்கும்."

"ஒரு தடவை எழுதச் சொன்னாலே அம்பிகா மூஞ்சியைத் தூக்குகா. அடுத்தது?"

ரெய்டு ஐந்தை விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. "மூணு பேர்கிட்ட ஆளுக்கொரு எண். நாலாவது ஆள்கிட்ட கூட்டுத்தொகை. யாராவது ஒருத்தர் மறந்துட்டா, மத்த மூணு பேரையும் கேட்டு அவர் எண்ணைக் கண்டுபிடிச்சிரலாம்" என்றேன். அண்ணாச்சி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. மூன்று டிஸ்க் இடம் கிடைக்கும், ஒன்று செத்தாலும் வண்டி ஓடும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அஞ்சாவதா ஒரு டிஸ்க்கும் போடுங்க அண்ணாச்சி. ஹாட் ஸ்பேர். வேலை ஒண்ணும் இருக்காது, யாராவது செத்தா அவர் இடத்துல உக்காரும்" என்றேன்.

"வேலையும் செய்யாம, எவன் எப்ப போவான்னு பாத்துட்டு உக்காந்திருக்கதுக்கா? அதுக்கு வீட்டுல எம் மச்சினன் இருக்கான். வேண்டாம்."

நாலு டிஸ்க் என்று முடிவானது. அதோடு என் வாய் நின்றதா? இல்லை. மெஷினை நிறுத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை உருவலாம் என்று சொல்லி, ஒன்றை உருவிக் காட்டித் திரும்பச் செருகினேன். அண்ணாச்சி கைதட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பது எவ்வளவு சரி.

3. டப்பாவுக்கு எதுக்கு பூஜை?

விஜயதசமிக் கூட்டத்தில் ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து கரமனைக்குப் போய்ச் சேர்ந்தது. மாடி ஏறியதும் சந்தன வாசனை தூக்கியது. அம்பிகா நான் சொன்னபடியே ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்வரின் முன்பக்கம் நாலு டிஸ்க்கும் செருகியிருந்தன. நாலுக்கும் நெற்றியில் குங்குமம்.

"அண்ணாச்சி, என்ன பண்ணினீங்க?"

"பூஜை வச்சேன். வேறென்ன செய்ய?"

அந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூஜைவைப்பு என்று புத்தகத்தையும் தொழில் கருவியையும் சாமி முன்னால் வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது, படிக்கக் கூடாது. முந்தின வருடம் வரை அண்ணாச்சி ஜாதகக் கட்டுகளை வைத்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் கட்டு இல்லை.

"சர்வரை அப்படியே வச்சுப் பொட்டு வச்சிருக்கலாமே?" என்று அலறினேன்.

"அது பூஜை ரூமு வாசல்ல நுழையாது. அதோட நான் ஒண்ணு கேக்கேன், சொல்லு. ஜாதகம் எதுல இருக்கு? டப்பாவுலயா, டிஸ்க்குலயா?"

"டிஸ்க்குல."

"பின்னே டப்பாவுக்கு எதுக்கு பூஜை?"

இருபத்தைந்து வருட சர்வீஸில் எனக்குப் பதில் கிடைக்காத ஒரே டெக்னிகல் கேள்வி அதுதான்.

அம்பிகா நடந்ததைச் சொன்னார். நான் காட்டிக்கொடுத்தபடியே மெஷின் ஓடும்போது உருவினார்களாம். முதல் டிஸ்க் வந்ததும் சர்வர் பீப் அடித்தது. அண்ணாச்சி அதே நேரம் பூஜை மணியை ஆட்டியதால் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது உருவியதும் ஸ்க்ரீன் நின்றுவிட்டது. பூஜை நேரத்தில் அதுவும் ஓய்வெடுக்கட்டும் என்று மெயின் சுவிட்சை அணைத்தார்கள். இன்று காலை தாம்பாளத்திலிருந்து எடுத்து, சந்தனத்தைத் துடைத்து, கைக்கு வந்த வரிசையில் செருகிவிட்டார்கள்.

4. நாலு பேருக்கும் ஒரே நட்சத்திரம்

அந்தக் கால கன்ட்ரோலருக்கு எந்த டிஸ்க் எந்த பேயில், அதாவது எந்தப் பொந்தில், இருக்கிறது என்பது முக்கியம். வரிசை மாறினால் கூட்டுத்தொகையை எண் என்றும், எண்ணைக் கூட்டுத்தொகை என்றும் நினைத்துப் படிக்கும். அதற்கு மேல், டிஸ்க்கைத் திரும்ப எழுதி நிரப்பும் ரீபில்டை ஓடவிட்டால் நல்லதும் நாசம். நாலு டிஸ்க்கை இருபத்துநாலு விதமாக அடுக்கலாம். நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். சீரியல் நம்பர் மட்டும்தான் வேறு. மாட்டிய அன்றே அதை எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டினேனா? சோம்பேறி. டீ குடிக்கப் போனேன்.

எங்கள் முதலாளி ஜார்ஜ் சாருக்கு போன் செய்தேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சாந்தமாக, "செண்பகம், டேட்டா வந்நில்லெங்கில் நாளைக்கு ஆபீஸுக்கு வரண்டா, கேட்டோ" என்று வைத்துவிட்டார்.

வராதே என்கிறார். வேலை போனால் வேறு வேலை. ஆனால் அந்த ஜாதகங்கள்? என் பேச்சை நம்பித்தானே அந்த மனிதர் காகிதத்தையெல்லாம் அனுப்பினார்? பயம் முற்றி எனக்குக் கோபமாக வந்தது. "உங்களை யாரு அண்ணாச்சி இதைத் தொடச் சொன்னது? எது முதல் டிஸ்க், எது ரெண்டாவதுன்னு இப்ப எந்தச் சாமி வந்து சொல்லும்?" என்று வாடிக்கையாளர் என்றும் பாராமல் கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அண்ணாச்சி கோபப்படவில்லை. "அதுதான் தெரியணுமா?" என்றார். "அதுக்கா இந்தச் சத்தம் போடுக? எழுதி வச்சிருக்கேம்லா."

"என்னத்தை?"

மேஜை டிராயரைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் நாலு ராசிக் கட்டம். நான் சர்வர் மாட்டிய அன்று பின்னால் நின்று, ஒவ்வொரு டிஸ்க்கும் உள்ளே போன மணியையும் நிமிஷத்தையும் மனிதர் குறித்துவைத்திருக்கிறார். பேர் இல்லாமல் ஜாதகம் எழுதக் கூடாது என்பதால், டிஸ்க் மேலிருந்த சீரியல் நம்பரைப் பேர் என்று எழுதியிருந்தார்.

"டிஸ்க்குக்கு ஜாதகமா?"

"வீட்டுக்கு வர்ற மாட்டுக்கே எழுதுவேன். இதுக்கு எழுதமாட்டேனா? பாத்துக்கோ, நாலும் ஒரே நட்சத்திரம், ஒரே லக்கினம். ஒண்ணாப் பொறந்த அண்ணன் தம்பிக. அதான் ஒத்துமையா ஓடுச்சு."

நான் அவரைக் கட்டிப்பிடிக்காதது ஒன்றுதான் குறை. அன்று இடது ஓரத்து பேயில் தொடங்கி வரிசையாகத்தான் மாட்டினேன். ஆக, பிறந்த வரிசைதான் பேயின் வரிசை.

ஆனால் இன்னொன்றும் தெரிய வேண்டும். முதலில் உருவிய டிஸ்க் பழசாகிப் போயிருக்கும். அது வெளியே வந்த பிறகும் மற்ற மூன்றில் சர்வர் எழுதிக்கொண்டே இருந்திருக்கும். அதையும் சேர்த்து எழுப்பினால் குழப்பம். "முதல்ல எதை உருவினீங்க?" என்றேன்.

அண்ணாச்சி என்னை ஏதோ அறியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மூத்தவன் இருக்கச்சே இளையவனை முதல்ல சாமி முன்னால உக்கார வைக்க முடியுமா? மூத்தவனைத்தான்."

ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிவரச் சொல்லி, கனெக்டர் பின்னுக்குள் அப்பியிருந்த சந்தனத்தைத் துடைத்து, காயவிட்டேன். மூத்தவனைத் தனியே எடுத்து வைத்தேன். மற்ற மூன்றையும் நோட்டில் இருந்த வரிசையில் அவரவர் பேயில் செருகி, கன்ட்ரோலர் மெனுவுக்குள் போய், மூன்றையும் வலுக்கட்டாயமாக ஆன்லைன் என்று குறித்தேன். என்டர் தட்டப் போனேன். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் பொறு, ராகு காலம் முடியட்டும்" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று பொறுத்தேன்.

சர்வர் எழும்பியது. அம்பிகா தேடல் பெட்டியில் 'ரோகிணி' என்று அடித்தார். ரோகிணி நட்சத்திரக்காரர்கள் வரிசை வரிசையாக ஸ்க்ரீனில் இறங்கி வந்தார்கள். அம்பிகா அழுதுவிட்டார். மூத்தவனைத் திரும்பச் செருகி ரீபில்ட் ஓடவிட்டு, அவர்கள் கொடுத்த அவலையும் சர்க்கரையையும் நின்றபடியே தின்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

5. படித்துப் பார்

ரெய்டு என்பது டிஸ்க் சாவதிலிருந்துதான் காப்பாற்றும். பக்தியிலிருந்து காப்பாற்றாது. அடுத்த வாரமே ஒரு டேப் டிரைவ் மாட்டி, கேசட் போன்ற டேப்பில் வாரம் ஒரு பேக்கப் என்று ஏற்பாடு செய்தேன். டிஸ்க்கில் ஸ்டிக்கரும் ஒட்டினேன். "இனிமே பூஜைக்கு டேப்பை வைங்க அண்ணாச்சி. அதுலயும் எல்லா ஜாதகமும் இருக்கு" என்றேன். அவருக்கு முழுத் திருப்தி. டேப் தாம்பாளத்தில் அழகாக உட்காரும்.

அடுத்த விஜயதசமிக்கு என்னையும் கூப்பிட்டார். பூஜையிலிருந்து டேப்பை எடுத்து என் கையில் கொடுத்து, "படி" என்றார்.

"எதை?"

"பூஜை எடுத்தா வச்ச புத்தகத்தைத் திறந்து நாலு வரி படிக்கணும். படிக்காம அலமாரில தூக்கி வச்சா வச்சதுக்குப் பலன் இல்ல. படி மக்ளே."

டேப்பை எங்கே படிக்க? அதில் இருந்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திரும்ப இறக்கி ரீஸ்டோர் போட்டேன். பெரிய கம்பெனிகளில் வருடக்கணக்காக பேக்கப் எடுத்துக் குவிப்பார்கள், ஒரு நாளும் ரீஸ்டோர் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். தேவைப்படும் நாளில்தான் டேப் காலி என்று தெரியும். எங்கள் தொழிலின் இந்தப் பெரிய பாடத்தை அண்ணாச்சி சாஸ்திரமாகவே வைத்திருந்தார். பேக்கப்பை எடுத்து வைத்தால் மட்டும் போதாது, திறந்து படித்துப் பாருங்கள் பிள்ளைகளே. அதில் என்ன இருக்கிறது என்று அதுவரை உங்களுக்குத் தெரியாது.

எனக்கும் தெரியவில்லை. "ஏதாவது ஒண்ணு திறங்க" என்றேன். அம்பிகா யோசிக்காமல் ஒரு நம்பரை அடித்தார். ஸ்க்ரீனில் வந்ததை நான் சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன். "பெயர் செண்பகம். ஊர் நாகர்கோவில். வேலை கம்ப்யூட்டர் ரிப்பேர். குணம் தங்கம், கோபம் சற்று உண்டு."

பதிந்த தேதி, டிஸ்க்கை உருவிய வருடத்து ஆவணி மாதம். அம்மா எனக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எண்ணெய்த் தலையோடு ஓடி வந்து நான் காப்பாற்றியதில் இதுவும் ஒன்று.

"அண்ணாச்சி, இதை இப்பவே அழிங்க."

"அழிக்கச் சொன்னா அழிக்கேன். அதுக்கென்ன?" என்றார் அவர். "ஆனா டேப்புல இருக்குமே மக்ளே."