இரண்டு தங்கராசாக்களும் ஒரு சர்வரும்

போன கிழமை வங்கியின் இணையத்தளத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். 'சர்நேம்' என்று ஒரு கட்டம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போக விடாது.

எனக்கு ஏது சர்நேம்? என் பெயர் ஜெயந்தி. அப்பாவின் பெயர் தங்கராசா. அவருடைய அப்பாவின் பெயர் வேறு. நமக்கெல்லாம் அப்படித்தானே? ஆனாலும் அந்தக் கட்டத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் இருக்கிறது... கேளுங்கள்.

சுனாமி வந்து போயிருந்தது, யுத்தம் முடியவில்லை. கல்லடியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தேன். கடல் ஏறி உப்பாக்கிவிட்டுப் போன வாகரை, பனிச்சங்கேணிக் கிணறுகளைப் பரிசோதிப்பது என் பொறுப்பு. எதை இறைத்தால் குடிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று கிணறு கிணறாக எழுதி வைத்திருந்தேன். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் அது.

எழுதியதெல்லாம் இருந்தது கொழும்புத் தலைமையகத்து சர்வரில். ரிமோட் டெஸ்க்டொப் என்பார்கள் – கல்லடியில் உட்கார்ந்து கொழும்புத் திரையில் தட்டுவது. லைன் மோசமென்றால், தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்து வரலாம். எழுத்து அப்போதுதான் விழும்.

பக்கத்து மேசையில் ஜெயசீலன். வீடு கட்டும் பகுதி. அவருடைய அப்பாவும் ஒரு தங்கராசா! வேறு ஊர், வேறு தங்கராசா. கொழும்பில் இதையெல்லாம் யார் கேட்டார்கள்? இரண்டு அப்பாக்களையும் சர்நேம் ஆக்கி, அவருக்கு 'ஜே.தங்கராசா' என்றும் எனக்கு 'ஜே.தங்கராசா1' என்றும் லொகின் கொடுத்தார்கள். என் பெயரில் எனக்கு மிஞ்சியது ஓர் எழுத்தும் ஓர் ஒன்றும்.

ஒரு நாள் காலை லொகின் வேலை செய்யவில்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ரெண்டு தங்கராசா இருந்திச்சு மிஸ்," என்றார் அங்கிருந்த டெக்னீஷியன். "டூப்ளிகேட்னு நெனச்சு ஒண்ணை டிலீட் பண்ணிட்டேன். இருங்க, திரும்ப போட்டுத் தாறேன்."

போட்டுத் தந்தார். அதே பெயர், அதே ஒன்று. ஆனால் என் ஃபோல்டரைத் திறந்தால் 'அனுமதி இல்லை' என்றது. பெயர் ஒன்றானாலும் சர்வருக்கு நான் புது ஆளாம்! யார்தான் உரிமையாளர் என்று ஜெயசீலனின் திரையில் பார்த்தோம். ஜே.தங்கராசா. டெக்னீஷியன் மனுசன், அழிக்கும்போது என் ஃபைல்கள் அத்தனையையும் ஜெயசீலனுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்.

"என்ன புள்ள இது? உன்ட கிணறெல்லாம் என்ட பேர்ல கிடக்கு!"

சிரிக்க நேரமில்லை. மேலாளர் கொழும்பிலிருந்து என்னை அழைத்தார்.

"சர்வர்ல உங்க பேர்ல ஒரு ஃபைல்கூட இல்லையே மிஸ். இவ்வளவு நாளும் என்ன செஞ்சீங்க? கொன்ட்ராக்டை எப்படி நீடிக்கிறது?"

என்ன செய்தேனா? சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி, வெயிலில் வாளி விட்டு, வாய் கரிக்கக் கரிக்க ருசி பார்த்து... அதற்குள் வாகரைப் பக்கம் மறுபடி சண்டை தொடங்கி, சனம் சட்டி பானையோடு வெளியேறிக்கொண்டிருந்தது. திரும்பப் போய் அளக்கவா முடியும்? தொலைபேசியை உடைத்திருப்பேன். அது அலுவலகத்துடையது.

ஜெயசீலனே டெக்னீஷியனிடம் பேசினார். "அவ செஞ்ச வேல தம்பி, அவட பேர்ல போடுங்க."

போட்டார். எப்படி? ஒரே கிளிக்கில், ஜெயசீலனுடையதையும் சேர்த்து! இப்போது அவருக்கு அனுமதி இல்லை.

"இப்ப என்ட வீடெல்லாம் உன்ட பேருக்கு எழுதிப்போட்டான் புள்ள. நம்மட ஊரில பொம்புளப் புள்ளைக்குத்தானே வீடு குடுக்கிற... கொழும்பானுக்கும் தெரிஞ்சிரிக்கு!"

அன்றைக்கு எனக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை. தொலைபேசியை அவர் கையிலிருந்து பறித்தேன்.

"நல்லாக் கேளுங்க. தங்கராசா என்ட அப்பா. அவர் ஒரு ஃபைலும் எழுதல்ல. அவர கடல் கொண்டுபோயிற்று. கிணறு பாத்தது நான். என்ட பேர் ஜெயந்தி. ஜெ-ய-ந்-தி!"

அலுவலகமே எழுந்து நின்றது. டெக்னீஷியன் மெதுவாக, "சரி மிஸ்" என்றார். நாங்கள் ஃபோல்டர் ஃபோல்டராகச் சொல்லச் சொல்ல, கிணறுகளை எனக்கும் வீடுகளை ஜெயசீலனுக்கும் மாற்றினார். புது லொகினும் வந்தது: 'ஜெயந்தி'. ஒன்று இல்லை, புள்ளி இல்லை. அந்தப் பெயரில் என் ஃபோல்டர் திறந்தபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

ஒரு சொடுக்கில் என் உழைப்பை இன்னொருவருக்கு எழுதி வைக்கலாம். அதைத் திரும்ப வாங்க மட்டும் நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுடைய ஃபைல்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன? நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது.

மாத முடிவில் மேலாளரின் மின்னஞ்சல் வந்தது. வேலை நீடிக்கப்பட்டிருக்கிறதாம். கிணறு அறிக்கைகள் மிகச் சிறப்பாம். பாராட்டுகளாம்.

'அன்புள்ள திரு. தங்கராசா' என்று தொடங்கியிருந்தது... செத்துப்போன என் அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது!